வேம்பு வந்த காட்சி

சென்சார்காரர்களை நான் திட்டாத திட்டு இல்லை. மங்களா டாக்கீஸில் பெண்கள் கவுண்டர் என்னுடையது. டிக்கெட் கொடுத்து முடித்துக் கதவைச் சாத்திவிட்டால் இடைவேளை வரைக்கும் எனக்கு வேறு வேலை கிடையாது. உட்கார்ந்து திட்டுவேன். "கமலவேணி வாயத் தொறந்துட்டா ரீலு தீந்தாலும் அது தீராது" என்பார் ஆபரேட்டர் முருகையன். தீராதுதான். என் வயிற்றெரிச்சல் அப்படி.

அஞ்சலாட்சி அக்காவுக்காக எரிந்த வயிறு அது. கருவடிக்குப்பத்தில் எனக்கு அடுத்த வீடு. புருஷன் கன்னியப்பன் மில்லில் வேலை. ஒரே மகள், வேம்பு. அந்தப் பெண் சிரித்தால் மேல் ஈறு தெரியும். அது தனக்கு அழகில்லை என்று யாரோ சொல்லிவிட்டார்கள் போல, சிரிக்க ஆரம்பித்ததுமே மேலுதட்டை இழுத்து மூடிக்கொள்வாள். பாதிச் சிரிப்புதான் வெளியே வரும். "முழுசாத்தான் சிரிச்சுத் தொலையேன்டி" என்று நான் எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறேன்.

மில் யூனியன் மே தினத்துக்குப் போட்ட நாடகத்தில் வேம்பு நடித்தாள். கடற்கரையில் படம் எடுக்க வந்திருந்த கம்பெனி ஆள் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, மெட்ராஸுக்கு வந்தால் ஒரு வேஷம் தருவதாகச் சொல்லிவிட்டுப் போனார். கன்னியப்பன் அண்ணன் கூடவே கூடாது என்றார். கோடம்பாக்கத்தில் சித்தியைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று பஸ் ஏறியவள் நடிக்கப் போய்விட்டாள். விஷயம் தெரிந்த அன்றைக்கு அண்ணன் வீட்டில் இருந்த அவள் போட்டோக்களை எடுத்தார். பள்ளிக்கூடத்தில் கூட்டத்தோடு எடுத்தது ஒன்று, மாசி மகத்துக்குப் போனபோது ஸ்டுடியோவில் எடுத்தது ஒன்று. இரண்டையும் வெந்நீர் அடுப்பில் போட்டார்.

"மவளே இல்லன்னு ஆயிப்போச்சு. படம் எதுக்கு?" என்றார்.

கோபத்தில் சொல்கிற வார்த்தைதான். எந்த அப்பன் சொல்லவில்லை? ஆனால் இவர் வாய் பலித்துவிட்டது. வேம்பு அந்தப் படத்தில் ஒரே ஒரு காட்சியில் நடித்து முடித்தாள். அடுத்த வேஷத்துக்குக் காத்திருந்தபோது மஞ்சள் காமாலை கண்டது. கண்ணெல்லாம் மஞ்சளாக வீட்டுக்கு வந்து படுத்தவள் எழுந்திருக்கவில்லை. அண்ணன் அவள் கால்மாட்டிலேயே உட்கார்ந்திருந்தார். போட்டோவை எரித்ததைப் பற்றி அவள் கேட்கவும் இல்லை, அவர் சொல்லவும் இல்லை.

காரியம் முடிந்து கொஞ்ச காலம் போனதும் அக்கா ஒரு நாள் குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு அப்படியே நின்றாள்.

"கமலா, எனக்கு அவ மொகம் போவுதுடி. கண்ணு நெனப்புல வருது. மூக்கு வருது. ஒண்ணா சேத்துப் பாத்தா வேற யாரோ நிக்கறா."

"படம் வரட்டும்க்கா. நம்ம கொட்டாயிக்கே வரும். ஆசை தீரப் பாரு" என்றேன். அன்றிலிருந்து அக்கா அந்தப் படத்துக்காக உயிரோடு இருந்தாள். நான் மிகைப்படுத்திச் சொல்லவில்லை.

எமர்ஜென்சி காலம் அது. படத்தில் ரத்தம் காட்டக் கூடாது, சாராய பாட்டில் காட்டக் கூடாது என்று கெடுபிடி. எங்கள் படம் சென்சாரில் மாட்டிக்கொண்டு கிடப்பதாகப் பேப்பரில் போட்டார்கள். அக்காவுக்கு ஒரே கவலை, அதற்கு ஏ போட்டுவிடுவார்களோ என்பதுதான். ஏ படத்துக்குக் குடும்பப் பெண்கள் வர மாட்டார்கள். ஏ படம் ஓடும் வாரம் என் கவுண்டரில் ஈ ஓட்டலாம். வேம்பு ஏ படத்தில் நடித்தாள் என்று தெருவில் பேச்சு வந்தால் கன்னியப்பன் அண்ணன் மறுபடியும் செத்துப்போவார்.

"ஏவா, யூவா? கேட்டுச் சொல்லுடி" என்று தினமும் என்னைப் பிடுங்குவாள். போகிற வழியில் இருக்கிற சாமியை எல்லாம் யூ கொடுக்கச் சொல்லி வேண்டிக்கொண்டாள். எந்தச் சாமிக்கு சென்சார் ஆபீஸில் செல்வாக்கு இருந்ததோ, யூ வந்துவிட்டது. போஸ்டரில் அந்த எழுத்தைக் காட்டினேன். அக்காவுக்கு எழுத்துத் தெரியாது. ஆனாலும் அந்த ஒற்றை எழுத்தின் மேல் விரலை வைத்துப் பார்த்தாள்.

"எம் பொண்ணு குடும்பப் படத்துலதான் நடிச்சிருக்கா" என்று தெரு முழுக்கச் சொன்னாள். சொல்லட்டும் என்று விட்டுவிட்டேன். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

முதல் நாள் பகல் காட்சிக்குத் தெருப் பெண்கள் எல்லோரும் வந்தார்கள். அக்கா காலையிலேயே பெரிய மார்க்கெட்டுக்குப் போய் உதிரிச் சாமந்தி வாங்கி மடியில் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். கதாநாயகன் திரையில் வரும்போது ஆண்கள் பூ வீசுவார்கள், கற்பூரம் காட்டுவார்கள். அதைப் பார்த்துப் பார்த்துப் பழகியவள்தானே. மகள் வந்ததும் வீச வேண்டும் என்று வைத்திருந்தாள். கன்னியப்பன் அண்ணன் உள்ளே வர மாட்டேன் என்று வெளியே வேப்ப மரத்தடியில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

நானும் கவுண்டரை மூடிவிட்டு அக்கா பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். முதலில் சென்சார் சர்டிபிகேட் வந்தது. எத்தனை ரீல் என்று பார்த்துப் பையன்கள் விசிலடித்தார்கள். அதன் மூலையில் சின்னதாக ஒரு முக்கோணம் இருந்தது. அது எதற்கென்று அன்றைக்கு எனக்குத் தெரியாது.

படம் ஓடியது. கறுப்பு வெள்ளைப் படம்தான். ஒரு கூட்டம் வந்தால் அக்கா முன்னுக்கு நகர்வாள். ஒரு பெண் தண்ணீர் எடுத்துக்கொண்டு போனால் என் கையைப் பிடிப்பாள். இடைவேளை வந்தது. "பின்னாடிதான் வருவா போல" என்றாள். அப்புறம் கோர்ட்டு வந்தது, சண்டை வந்தது, கல்யாணம் ஆனது. வணக்கம் போட்டுவிட்டான். விளக்கைப் போட்டதும் பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அக்கா மடியில் சாமந்தி அப்படியே இருந்தது.

"நான் கண்ண மூடிட்டேனா கமலா? நடுவுல எங்கனா கண்ண மூடிட்டேனா?" என்றாள்.

"இல்லக்கா."

"அப்ப எங்கடி எம் பொண்ணு?"

எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது. அவளைக் கைத்தாங்கலாக வெளியே கூட்டிக்கொண்டு வந்தேன். மரத்தடியில் அண்ணன் சைக்கிளை ஸ்டாண்டு போடக்கூட இல்லை, பிடித்தபடியே நின்றிருந்தார்.

"வந்தாளா?" என்று கேட்டார்.

அக்கா அவர் முகத்தைப் பார்த்தாள். நான் வாயைத் திறப்பதற்குள், "வந்தா" என்றாள்.

"எப்பிடி இருந்தா?"

"நல்லாருந்தா. பச்சைப் பொடவ கட்டியிருந்தா."

அண்ணன் தலையை ஆட்டினார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சைக்கிளைத் தள்ளினார். எதற்காக அப்படிச் சொன்னாய் என்று அப்புறம் கேட்டேன். "போட்டாவ எரிச்ச கைய அடுப்புல வெச்சிக்கப் பாத்த ஆளுடி அது. இன்னிக்கு அவ வரலன்னு நான் எப்பிடிச் சொல்லுவேன்?" என்றாள்.

மறுநாள் பகல் காட்சிக்குக் கன்னியப்பன் அண்ணன் வந்தார். என் கவுண்டர் பக்கம் வரவில்லை. ஆண்கள் வரிசையில் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றார். ஷிப்டுக்குப் போகாமல் வந்திருக்கிறார் என்று தெரிந்தது. ஓடிப்போய்த் தடுக்கலாம் என்று எழுந்தேன். என்ன சொல்லித் தடுப்பது? படம் முடிந்து கடைசி ஆளாக வெளியே வந்தார். என்னைப் பார்த்தார், பார்க்காத மாதிரி போனார்.

சாயங்காலம் அவர்கள் வீட்டு வாசலில் நான் அக்காவோடு பேசிக்கொண்டிருந்தபோது வந்தார்.

"அஞ்சல, நானும் போயிப் பாத்துட்டேன்" என்றார்.

அக்காவுக்கு முகம் வெளுத்துவிட்டது.

"பச்சைப் பொடவதான்" என்றார். "நல்லாருக்குது அவளுக்கு."

கறுப்பு வெள்ளைப் படத்தில் பச்சை ஏது? அக்கா அதை யோசித்துச் சொல்லவில்லை, வாயில் வந்ததைச் சொல்லிவிட்டாள். மகளும் வரவில்லை, பச்சையும் இல்லை என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்துதான் சொன்னார். இரண்டு பேரும் ஒருவர் பொய்யை ஒருவர் நம்பிவிட்ட மாதிரியே உள்ளே போய்ச் சோறு சாப்பிட்டார்கள். நான் என் வீட்டுக்கு வந்து கதவைத் தாழிட்டுக்கொண்டு அழுதேன். அன்றைக்குத்தான் சென்சார்காரர்களைத் திட்ட ஆரம்பித்தேன்.

முதல் நாள் காட்சி முடிந்ததுமே முருகையன்தான் எனக்கு அந்த முக்கோணத்தை விளக்கியிருந்தார். "அது இருந்தா வெட்டியிருக்கான்னு அர்த்தம்" என்றார். படப்பெட்டியோடு வசூல் பார்க்க வந்திருந்த கம்பெனி ஆளைப் பிடித்து நானும் அக்காவும் கேட்டோம். அவன் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு நிதானமாகச் சொன்னான். ரைஸ் மில் காட்சி ஒன்று இருந்ததாம். அதை வைத்தால் ஏ, எடுத்தால் யூ என்றார்களாம். முதலாளி, குடும்பம் குடும்பமாக ஜனம் வரட்டும், எடுத்துவிடு என்று சொல்லிவிட்டாராம்.

யூ வர வேண்டும் என்று சாமியிடம் நின்றவள் என் பக்கத்தில் நிற்கிறாள். அவன் முகத்தில் அறையலாம் போலிருந்தது எனக்கு.

"வெட்டுனத இன்னா சாமி பண்ணுவாங்க?" என்று அக்கா கேட்டாள்.

"சென்சாருலயே ஒப்படைச்சிடணும்மா."

"அத்தக் கேட்டா எனக்குக் குடுப்பாங்களா? எனக்குப் படம் ஓட்ட வேணாம். மொகம் இருக்கற துண்டு ஒண்ணு போதும்."

அவன் சிரித்தான். நான் அவனைப் பேசிய பேச்சுக்கு மானேஜர் என்னை ஒரு வாரம் வேலைக்கு வர வேண்டாம் என்றார். போய்யா என்று வந்துவிட்டு, அடுத்த வாரம் மறுபடி போய் உட்கார்ந்தேன்.

வருஷங்கள் போயின. வேம்பு இறந்த நாளில் படையல் போடும்போது அக்கா ஒரு பச்சைப் புடவையை வைப்பாள். அண்ணன் அதற்கு முன்னால் விழுந்து கும்பிடுவார். யார் கேட்டாலும், "சினிமாவுல அது கட்டிக்கிட்டு வந்த கலரு" என்று அவரே சொல்வார். நான் அந்தப் பக்கம் திரும்ப மாட்டேன்.

எண்பத்தஞ்சில் சொல்தா ராமலிங்கம் பிரான்சிலிருந்து தெருவுக்கே திரும்பி வந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர்களை இங்கே சொல்தா என்போம். சைகோன், அல்ஜீரியா என்று சுற்றி, பாரீஸில் கொஞ்ச காலம் இருந்து, பென்ஷனோடு வந்தார். வரும்போது டிவியும் வீடியோ டெக்கும் ஒரு பெட்டி நிறைய கேசட்டும் கொண்டு வந்தார். ஒரு மத்தியானம் நான் வழக்கம்போலச் சென்சாரைத் திட்டிக்கொண்டிருந்ததைக் கேட்டு அவர் சிரித்தார். அக்காவும் அங்கே இருந்தாள்.

"நம்ம ஊர மட்டும் ஏன் திட்டற கமலவேணி? போன எடமெல்லாம் நான் சினிமா பாத்திருக்கேன். எல்லாப் பயலும் கத்திரி வெச்சிருக்கான். பிரான்சுல, பதிமூணுக்குக் கீழ வராத, பதினெட்டுக்குக் கீழ வராதன்னு போர்டு மாட்டிட்டு விட்டுடுவான். ரொம்ப நல்லவன்னு நெனைக்காத. நாங்க அல்ஜீரியாவுல சாவறப்ப, அந்தச் சண்டயப் பத்தி வாயத் தொறந்த படத்த எல்லாம் பெட்டியில பூட்டி வெச்சவன் அவன். இங்கிலீஷ்காரன் எக்ஸுன்னு ஒரு எழுத்து வெச்சிருந்தான். நம்மாளு இப்பத்தான் யூவுக்கும் ஏவுக்கும் நடுவுல யூ-ஏன்னு ஒண்ணு கொண்டாந்திருக்கான். அமெரிக்காவுல ஒரு ரகம் இருக்குதாம், சின்னப் புள்ளைங்க தனியா வரக் கூடாது, அப்பா அம்மா கூட வந்தா பாக்கலாம்."

"அப்பா அம்மா வந்தா பாக்கலாமா?" என்று அக்கா கேட்டாள்.

"ஆமா."

"அது நல்ல ஊரு போலிருக்குது" என்றாள்.

ராமலிங்கத்துக்கு ஒன்றும் புரியவில்லை. நான் சொன்னேன். படத்தின் பெயரைக் கேட்டதும் அவர் எழுந்து போய்ப் பெட்டியைக் கிளறினார். பாரீஸில் தமிழர் கடை ஒன்றில் வாங்கிய கேசட். அங்கே போன பிரிண்டு சென்சாருக்கு முந்தியே போனதோ, வெட்டியதை எவனாவது ஒட்டி அனுப்பினானோ, யாருக்குத் தெரியும். "இதுல ரைஸ் மில்லு காட்சி இருக்குது. நான் பாத்திருக்கேன்" என்றார். சொல்லிவிட்டு, என்னவோ நினைத்தவர் போல அக்காவைப் பார்த்தார். "இருந்தாலும் அது..." என்று இழுத்தார். அக்கா காதில் அது விழவில்லை. ஞாயிற்றுக்கிழமை போடுங்க என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தெருவே ராமலிங்கம் வீட்டுக் கூடத்தில் இருந்தது. அக்கா மறுபடியும் சாமந்தி வாங்கி வந்திருந்தாள். அண்ணன் மட்டும் உள்ளே வரவில்லை. மில் வேலையை விட்டு, இருமலும் கைத்தடியுமாக இருந்தார். எதிர்ச் சாரியில் பெட்டிக்கடை பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். "நான்தான் பாத்திருக்கேனே. நீ போ" என்றார்.

படம் ஓடியது. பாதியில் ராமலிங்கம், "இப்ப வரும்" என்றார்.

ரைஸ் மில். உமி பறக்கிறது. ஒரு பெண் முதுகைக் காட்டிக்கொண்டு பெருக்குகிறாள். வெளியிலிருந்து யாரோ கூப்பிடுகிறார்கள். அவள் திரும்பினாள். வேம்பு.

"இதோ வந்துட்டேம்மா" என்று சொல்லிச் சிரித்தாள். சிரித்ததும் மேலுதட்டை இழுத்து மூடிக்கொண்டாள்.

அக்காவின் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. மடியிலிருந்து பூவை அள்ளினாள். கை மேலே போனது. அதற்குள் திரையில் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. வேம்பு திரும்பிப் பார்த்தாள். மில் முதலாளி வேஷக்காரன் கதவுக்குத் தாழ் போட்டுவிட்டு நிற்கிறான். அவள் பின்வாங்கினாள். அவன் முடியைப் பிடித்தான். முந்தானையைப் பிடித்து இழுத்தான்.

அக்கா பூவைக் கீழே போட்டுவிட்டு எழுந்தாள். நேராக டிவிக்கு முன்னால் போய் நின்று, தன் முந்தானையை எடுத்து அதன் மேல் விரித்தாள். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பெட்டியை அணைத்தாற்போல நின்றாள். பின்னால் யாரோ ஒருவன், "யக்கா, மறைக்குது" என்றான். நான் திரும்பி ஒரு பார்வை பார்த்தேன். வாயை மூடிக்கொண்டான். ஆனால் சத்தத்தை மூட எந்தப் புடவையும் இல்லை. வேம்பு, "வேணாங்க, எங்கம்மா வெளியில நிக்குதுங்க" என்று கத்திக்கொண்டிருந்தாள். அவளுடைய சொந்தக் குரல். ராமலிங்கம் ஓடி வந்து நிறுத்தினார்.

அக்கா முந்தானையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

"கொஞ்சம் பின்னாடி ஓட்டி, அவ சிரிக்கற எடத்துல நிறுத்தட்டுமாம்மா?" என்று ராமலிங்கம் மெதுவாகக் கேட்டார். "அப்பிடியே நிக்கும். எவ்வளவு நேரம் வேணாலும் பாக்கலாம்."

அக்கா கொஞ்சம் யோசித்தாள்.

"வேணாம் தம்பி. அவ சிரிக்கறா. அவன் வர்றது அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியுமே."

நான் அவளைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தேன். இத்தனை வருஷம் நான் திட்டிய திட்டெல்லாம் என் வாயிலேயே கசந்தது. வெட்டினவனைத் திட்டுவதா, இதைப் படம் பிடித்தவனைத் திட்டுவதா, ஒட்டி அனுப்பியவனைத் திட்டுவதா? பார்க்காமல் இருந்திருந்தால் அவளுக்கு ஒரு பச்சைப் புடவையாவது மிஞ்சியிருக்கும்.

பெஞ்சிலிருந்து கன்னியப்பன் அண்ணன் கைத்தடியை ஊன்றி எழுந்தார். நாங்கள் கிட்டே போகும்வரை எங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வந்தாளா?" என்று கேட்டார்.

"வந்தா" என்றாள் அக்கா. இந்த முறை அது பொய் இல்லை.

"இன்னா பண்ணா?"

"சிரிச்சா. ஒதட்ட மூடிக்கிட்டு சிரிப்பாளே, அது மாரி. 'வந்துட்டேம்மா'ன்னா."

அண்ணன் ராமலிங்கம் வீட்டுப் பக்கம் பார்த்தார். ஒரு அடி எடுத்து வைத்தார்.

"நானும் ஒரு தபா போயி..." என்றார்.

அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். தெருவில் அவள் புருஷன் கையைப் பிடித்து நான் பார்த்ததில்லை.

"எதுக்கு? அன்னிக்கு நீ கொட்டாயில பாத்தியே, அதேதான். புதுசா ஒண்ணும் இல்ல."

அண்ணன் அவளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். தான் பார்த்ததில்லை என்று ஒரு வார்த்தை அவர் சொன்னால் போதும், உள்ளே போய்ப் பார்த்துவிடலாம். எடுத்து வைத்த காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"ஆமா" என்றார். "நான்தான் பாத்துட்டேனே."